சொதி திரிந்த அன்று

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆழ்வார்திருநகரியில் பத்திரம் எழுதிப் பிழைத்த அம்பலவாணனுக்கு அப்புறம் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: யாரும் வீட்டுப்பக்கம் வராமல் இருக்கவேண்டும். மனைவி கோமு படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவரேதான் ஆக்கி ஊட்டினார். அவள் போனபின் அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. வாழைப்பழமும் தண்ணீருமாக ஓட்டியதில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"வயித்துல சோறு விழாட்டா அமாவாசை தாண்டாது" என்று வைத்தியர் அவருடைய சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். தொல்லை அங்கே ஆரம்பித்தது.

ஜவுளி வியாபாரி அகமது மீரான் தினம் காலையில் வந்து நிற்பார். தம் வீட்டில் வெந்ததைச் சைவரான அம்பலவாணன் தொடமாட்டார் என்பதால் எல்லாம் பச்சையாகவே வரும். முருங்கைக்காய், கத்தரிக்காய், பாசிப்பருப்பு, தேங்காய். மூலையில் கிடந்து வாடும்.

"யாரு வே இதை ஆக்கப்போறது?"

"நீருதான்."

"எனக்குப் பசிக்கல."

"கத்தரிக்காய்க்கு அது தெரியுமா? கிடக்கட்டும்."

பள்ளிக்கூட வாத்தியார் ஆவுடைநாயகம் அதைவிட மோசம். பிறந்ததிலிருந்து அடுப்பூதி அறியாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார். தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்துச் சொதி வைக்கப்போகிறாராம். நடையில் நின்றபடி மீரான் யோசனை சொன்னார்.

"மூணு பாலையும் ஒண்ணா ஊத்தித் தளதளன்னு கொதிக்க விடும் வே."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்பலவாணன் பல்லைக் கடித்தார். முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பாலைக் கொதிக்க விடுகிற ஆட்கள் உலகத்தில் உண்டா? கோமு கடைசியாகக் கேட்டு இரண்டு வாய் குடித்தது சொதிதான். பால் திரிந்த வாடை கூடம்வரை வந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

"தள்ளும் வே. இதை மாடுகூடக் குடிக்காது."

"மீரான்தான் அப்படிச் சொன்னாரு..."

"அவரு துணி விக்கிறவரு. உமக்குப் புத்தி எங்கன போச்சு? இன்னொரு தேங்காயை உடையும்."

காய் வெந்து, இறக்குகிற நேரத்தில்தான் தலைப்பாலை விட்டார். உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. வாத்தியார் வடித்திருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு என்ன கொண்டாரட்டும்?" என்றார் மீரான் பைய.

"ஒண்ணும் வேண்டாம்." இன்னொரு கவளம் உள்ளே போயிற்று. "தேங்காய் மட்டும் முத்தலாப் பாத்து வாங்கும். இன்னைக்குள்ளதைப் பிழிஞ்சா வெறும் தண்ணி."