அத்தைக்கு வசனம் இல்லை

செட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெண்டு பக்கம்’ என்றால்தான் தெரியும். பன்னிரண்டு வருடமாக டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறான். நடிகர்கள் மேக்கப்போடு காத்திருக்க, “இன்னும் ரெண்டு பக்கம்தான் சார், இதோ முடிஞ்சது” என்று சொல்லாத நாள் கிடையாது. எழுத்து சுமார்தான். ஆனால் சொன்னதை எழுதுவான், எதிர்த்துப் பேச மாட்டான். இந்தத் தொழிலில் குப்பை கொட்ட அது போதும்.

அவன் மனைவி நடிகை. அப்படிச் சொன்னால் அவளே சிரிப்பாள். பத்து வருடம் கல்யாண சீன்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவள். இந்த சீரியலில்தான் வாயைத் திறக்கும் யோகம் வந்தது. கதாநாயகனின் அத்தை வேஷம். ஒரு எபிசோடுக்கு நாலே வரி, நாலும் சுருக்கென்று தைக்கும். குளிக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாள், அடுப்படியிலும் சொல்லிப் பார்ப்பாள். அவ்வளவு பூரிப்பு.

அதில்தான் மண் விழுந்தது.

“சேனல்ல அத்தை வேண்டாங்கிறாங்க. இந்த வாரமே கொன்னுடு,” என்றார் டைரக்டர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

“சாகடிச்சுட்டா திரும்ப வர முடியாதே சார். கோமால போட்டுடலாம். எப்ப வேணும்னாலும் எழுப்பிக்கலாம்.” வாழ்நாளில் அவன் எதிர்த்துப் பேசியது இந்த ஒரு தடவைதான்.

“நாலு நாள் பாப்பேன். படுத்துக் கெடக்கறவளை ஜனம் கண்டுக்கலேன்னா கதை முடிஞ்சுது.”

வீட்டில் மூச்சு விடவில்லை, கோழைப் பயல். மறுநாள் எல்லோருக்கும் போல அவளுக்கும் சீன் பேப்பரைக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, எனக்கு ஒரு வரிகூட இல்லையே?”

“கோமாம்மா. கொல்லச் சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி உன்னை உசுரோட வச்சிருக்கேன்.”

“நடுவுல ஒருவாட்டி கண்ணையாவது தொறக்கட்டுமா?”

“கூடாது.”

நான்கு நாள் மூக்கில் குழாயோடு மரக்கட்டை மாதிரி கிடந்தாள். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். ஐந்தாம் நாள் காலை டைரக்டர் கையை விரித்துவிட்டார். “பிணம் மாதிரி இருக்குய்யா சீன். மத்தியானத்துக்குள்ள சூடா ஏதாவது எழுது. இல்லேன்னா இன்னிக்கே மூச்சை நிறுத்திடலாம்.”

மேக்கப் அறை மூலையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு எழவும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் விக்கி விக்கி அழுதுகொண்டே அவள் அவனிடம் மட்டும் சொன்னது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தாள். இவள் வாய்ப்புத் தேடி ஒரு நடிப்புத் தேர்வுக்குக் கிளம்பி நின்றாள். கட்டிப்பிடித்துக்கொள்ள அம்மா கையை நீட்டினாள். புடவை மடிப்பு கலைந்துவிடும் என்று இவள் குனியவில்லை. திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அடப்பாவி, அதை எழுதினான்! அவளைக் காப்பாற்றத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்று விடாமல் எழுதினான். படுத்துக் கிடப்பவளுக்கு வசனம் ஏது? அதனால் அவளுக்குப் பேப்பரும் தரவில்லை.

கேமரா ஓடியது. கதாநாயகி கட்டிலருகே நின்று பொரிந்து தள்ளினாள். “பெத்தவ சாகும்போது கையை நீட்டினா. புடவை மடிப்பு கலையும்னு தள்ளி நின்னவதானே நீ? உனக்கெல்லாம் எதுக்கு உசுரு?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை, தொழில் தெரிந்தவள். மூடிய இமையிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கியது. டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து மானிட்டரையே பார்த்தார். அப்புறம் துள்ளிக் குதித்தார்.

“யோவ், கோமால அழுவுறாய்யா! பிச்சுட்டா! தெனம் ஒரு சொட்டு வேணும். இனிமே அத்தையை யாரும் தொடக்கூடாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் குழாயைக்கூடக் கழற்றாமல் எழுந்து அவனிடம் வந்தாள். கத்துவாள், அறைவாள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“நாளைக்கு எதைச் சொல்லப் போறீங்க?” என்றாள் மெதுவாக. “முன்னாடியே சொல்லிடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

“முன்னாடியே சொல்லிட்டா உனக்கு அழுகை வராதேம்மா,” என்றான் அவன்.

நிஜமாகவே அந்தக் கவலையில்தான் சொன்னான். அதற்குள் குளோசப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.