கோட்டையைத் தாண்டிப் போயிருக்கலாம்

எண்பதுகளின் நடுவில் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் நாலு பேர், மேல்மாடியில் ஒரே அறை. நான் மூத்தவன் என்பதால் எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களில் மரக்கறி வெட்டுகிறவனுக்குக் கடிதம் வந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

"நாளைக்கே பேர்னுக்குப் போய் ஒரு லோயரைப் பிடிப்பம் அண்ணை," என்றான்.

என்னோடு கோப்பை கழுவுகிறவன் குரலை உயர்த்தினான். "சீசனிலை லீவு கேட்டால் நாலு பேருக்கும் வேலை போகும். முதலாளிக்குப் பெரிய ஆக்களைத் தெரியும். அவர் கதைக்கட்டும்."

மரக்கறி வெட்டுகிறவன் சொன்னதே சரியென்று எனக்குப் பட்டது. ஆனாலும், "சரி, பொறுத்துப் பார்ப்பம்," என்றேன்.

முதலாளி ஒவ்வொரு நாளும் "நாளைக்கு" என்றார். பதினெட்டு நாள் போயிற்று. மரக்கறி வெட்டுகிறவன் இரண்டு தரம் விரலை வெட்டிக்கொண்டான்.

ஜப்பான் சுற்றுலாக்காரருக்கென்று அங்கே ஒரு ஜப்பானியச் சமையற்காரர் இருந்தார். என்னைப்போலவே உடைந்த ஜெர்மன். மீன் கழுவியபடி விஷயத்தைக் கேட்டவர், தன் பூட்டன் போன சண்டையைச் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் ஜப்பானின் தெற்கே சாமுராய்கள் அரசுக்கு எதிராக எழுந்த உள்நாட்டுப் போர். கப்பலில் போய்த் துறைமுகத்தைப் பிடிப்போம் என்றாராம் ஒருவர். நேரே தரைவழியே போவோம், வழியிலுள்ள கோட்டை ஒரு பொருட்டல்ல என்றாராம் இன்னொருவர். தலைவர், உரத்துப் பேசிய இரண்டாமவர் பக்கமே முடிவை விட்டுவிட்டார். கோட்டை விழவில்லை. ஐம்பது நாள் அதன் முன்னால் கிடந்தார்கள். அதற்குள் அரசுப் படை கடல்வழியே வந்து இறங்கியது.

"கோட்டையைத் தாண்டிப் போயிருக்கலாம்," என்றார். "சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. என் பூட்டன் அங்கேயே செத்தார்."

என்னைத்தான் குத்துகிறார் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே முதலாளியிடம் போய், நாளைக்கு நானும் மரக்கறி வெட்டுகிறவனும் வரமாட்டோம் என்றேன்.

"அப்படியென்றால் நீ திரும்பி வராதே," என்றார்.

பேர்னில் சட்டத்தரணி அம்மா கடிதத்தின் திகதியைப் பார்த்தார். "ஊரில் இவரைப் பிடித்து அடைத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அது வர ஒரு மாதமாவது செல்லும். ஏன் இவ்வளவு நாள் இருந்தீர்கள்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

அத்தாட்சி இல்லாமலே மேல்முறையீடு போனது. மறுத்துக் கடிதம் வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் ஊரிலிருந்து அந்த அத்தாட்சி வந்து சேர்ந்தது. அதற்குள் அவன் எல்லை தாண்டிப் பாரிசுக்குப் போயிருந்தான். நான் லோசானில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன்.

ஊரில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் அவன் தன்னிடம் கூப்பிட ஏழு வருடமாயிற்று. விமான நிலையத்தில் மகள் அவனை "மாமா" என்றாளாம். தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.