உள்ளே இருப்போர் பட்டியல்

மாரண்டஹள்ளியில் ஒரு பெண்கள் விடுதியின் கேட்டில் எட்டு மாதம் வாட்ச்மேனாக இருந்தேன். நான் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அங்கேதான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து லாரி கிளீனர், தொப்பூரில் சாலையோரக் கடையில் மாவு பிசைகிறவன், ஒகேனக்கல்லில் மீன் கழுவுகிறவன் என்று மாறிக்கொண்டே இருந்தவன் நான். மூன்று மாதம் ஆனால் கிளம்பிவிடுவேன். இங்கே மட்டும் அது முடியவில்லை. ஒரு காகிதம் என்னைப் பிடித்துவைத்திருந்தது.

விடுதியில் அறுபது பெண்கள். எல்லோரும் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். கம்பெனி பஸ் வாசலிலேயே ஏற்றி, வாசலிலேயே இறக்கும். ஆளுக்கு ஒரு கார்டு உண்டு. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் கேட்டில் இருக்கும் பெட்டியில் அதைத் தட்ட வேண்டும். தட்டியது என் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் ஏறும்.

அதை அமைத்துக் கொடுத்த ஓசூர்க்காரர், நான் சேர்ந்த அன்று எனக்கும் ஒரு கார்டு போட்டு, ஒருமுறை தட்டிக் காட்டினார். பிறகு உட்கார்ந்து விளக்கினார். உள்ளே மூன்று நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் நோட்டு யூசர். அதில் பெயர், அறை எண், கம்பெனி. இரண்டாவது செஷன். அதில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். வெளியே போன நேரம் காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மூன்றாவது காப்பாளர் நோட்டு. அதில் அப்பா அல்லது அண்ணன், அவருடைய போன் நம்பர். செஷன் நோட்டில் பெயர் இருக்காது, ஆளின் எண் மட்டும்தான் இருக்கும். மற்ற இரண்டிலும் இருக்கும் அந்த எண்ணைப் பிடித்து மூன்று நோட்டையும் சேர்த்துக் கேட்டால், யார், எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று வரிவரியாக வரும். அப்படிக் கேட்கும் ஆங்கில வாசகத்தை ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். ஆறு வரி. லாரிகளின் முதுகைப் படித்து வந்த ஆங்கிலம்தான் எனக்கு. எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பேன். பட்டியல் வந்துவிடும்.

அதோடு மாட்டிக்கொண்டேன். வார்டன் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் வரவே பயம். ஓனருக்குப் பட்டியல் வேண்டும், அடிக்கத் தெரியாது. வேலையை விடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். நீ போனால் லிஸ்ட் யார் எடுப்பது என்று கேட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடுதியில் ஆள் இருக்கும்வரை நான் கேட்டைத் தாண்டக் கூடாது. மூன்று ஷிப்டு என்பதால் எப்போதும் ஆள் இருக்கும். கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காத அறை. கேட்டுக்கு எதிரே தக்காளித் தோட்டம், அதற்கு அப்பால் ரோடு. ஓசூர் பஸ், பாலக்கோடு பஸ், இரண்டும் என் கண்முன்னால்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் யார் உள்ளே வந்தாலும், அவர்கள் பெயரையும் காப்பாளர் நம்பரையும் எடுத்து ஓனருக்கு அனுப்ப வேண்டும். அவர் வீட்டுக்குப் போன் போடுவார். பெண்கள் அதற்கு 'அப்பா லிஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த லிஸ்டில் இரண்டு முறை பெயர் வந்த ஒரு பெண்ணை, அடுத்த வாரமே அவள் அண்ணன் வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனான். அவள் பெயரை அடித்தவன் நான்தான்.

மேல்மாடியில் ஒரு பெண் இருந்தாள். சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் வளர்ந்தவள். அப்பா, அண்ணன் யாரும் கிடையாது. அவளும் ஞாயிறு தவறாமல் வெளியே போவாள். பாலக்கோடு, பென்னாகரம், ஒகேனக்கல் என்று ஏதாவது ஒரு பஸ் ஏறிப் போய்ச் சும்மா சுற்றிவிட்டு எட்டு மணிக்கு வருவாள். ஒகேனக்கல் போன அன்றைக்கு எனக்கு ஒரு பொட்டலம் மீன் வறுவல் கொண்டுவந்தாள். அவள் பெயர் மட்டும் அப்பா லிஸ்டில் வந்ததே இல்லை. மிஷினுக்கு அவள்மேல் ஏதோ இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதற்கு அவள்தான் சொன்னாள், சேரும்போது படிவத்தில் காப்பாளர் கட்டத்தில் வெறும் கோடு போட்டுவிட்டதாக. சிரித்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்க்க முடியாத ஊர்களை அவளாவது பார்த்து வரட்டும் என்று இருந்தது.

போகிக்கு முதல் நாளே வார்டன் அம்மா ஊருக்குக் கிளம்பினார். எல்லோரும் போனதும் லிஸ்ட் பார், யாரும் இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துப் மாடிப்படி கேட்டையும் வெளி கேட்டையும் பூட்டிவிட்டு நீயும் மூன்று நாள் எங்காவது போய்க்கொள் என்றார். ஆண்பிள்ளை படி ஏறக் கூடாது என்பது விடுதியின் சட்டம். அதனால்தான் லிஸ்ட்.

போகியன்று காலை ஒன்பது மணிக்குக் காகிதத்தைப் பார்த்து அடித்தேன். உள்ளே இருப்போர் யாரும் இல்லை என்று வந்தது. பழக்கத்துக்குப் படிக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பூட்டினேன். சாவி பையில் விழுந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. பாலக்கோடு, தர்மபுரி, அங்கிருந்து சேலம் பஸ். சேலத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா போனேன்.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள். இறங்கி நிற்கவும் இடமில்லை. வேறு வேலை இல்லாததால் காலையில் நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். பை தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது. மருதாணி வைத்த கைகள். அவளையும் நினைத்தேன். ஆறு மணிக்கு நைட் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொட்டாவி விட்டபடி கார்டு தட்டினாள். போனைக் கம்பெனி லாக்கரிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.

அவள் போனதை நான் பார்க்கவில்லை.

லிஸ்டில் இல்லையே என்று மனம் முதலில் சமாதானம் சொன்னது. அடுத்த நொடியே புரிந்தது. லிஸ்டில் அவள் என்றைக்குத்தான் இருந்தாள்? இரண்டு பட்டியலுக்கும் ஒரே காகிதம், கடைசி வரிதான் வேறு. மூன்று நோட்டையும் சேர்த்துக் கேட்கிறேன். கோடு போட்டதால் மூன்றாவது நோட்டில் வரியே இல்லாதவள் முதல் இரண்டிலிருந்தும் உதிர்ந்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை வெளியே விட்ட அதே ஓட்டை, இன்று அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. போக வீடு இல்லாதவள் பண்டிகைக்கு எங்கே போவாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானும் அந்த ஜாதிதானே.

சாவி என் பையில் இருந்தது. ஓனர் பெங்களூரில், வார்டன் அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே சந்து சந்தாக மேலே நடந்தேன். எதிர்ப்பக்கச் சாலையில் தர்மபுரி பஸ்கள் நிற்காமல் போயின. கடைசியில் ஒரு காய்கறி வேன்காரர் ஏற்றிக்கொண்டார். மாரண்டஹள்ளி வந்து சேர மணி நான்கு ஆகிவிட்டது.

படி கேட்டின் கம்பிக்குப் பின்னால் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதைக் கம்பியில் அடித்து அடித்து ஒரு பக்கம் உடைந்திருந்தது. குரல் கம்மிப் போயிருந்தது.

"காதுல பஞ்சு வச்சிட்டுத் தூங்குனேன். எழுந்தா கரண்ட்டும் இல்ல, ஆளும் இல்ல. பதினொரு மணியில இருந்து கத்தறேங்கண்ணா. தோட்டத்து நாய்தான் பதிலுக்குக் கொலச்சுது."

"லிஸ்ட்ல நீ இல்ல," என்றேன்.

"நான் இருந்தனே."

பூட்டைத் திறந்து, மெயின் சுவிட்சைப் போட்டேன். கடைகள் பாதி மூடியிருந்தன. டீயும் பன்னும் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஓசூர்க்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காகிதத்தில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். பிறகு, காப்பாளர் நோட்டைச் சேர்க்கும் வரியில் ஜாயின் என்ற சொல்லுக்கு முன்னால் லெஃப்ட் என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னார். அப்படிக் கேட்டால், மூன்றாவது நோட்டில் வரி இல்லாவிட்டாலும் ஆளை உதறாமல், அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுக் காட்டும் என்றார். அவள் எனக்குப் பின்னால் நின்று பார்க்க, அடித்தேன்.

இரண்டு பெயர் வந்தது. ஒன்று அவளுடையது. உள்ளே வந்தது காலை ஆறு மணி. இன்னொன்று என்னுடையது. உள்ளே வந்தது ஆடி மாதம். வெளியே போன நேரம் காலி. காப்பாளர் காலி. சேர்ந்த அன்று தட்டிக் காட்டியதோடு சரி, பிறகு அந்தக் கார்டை நான் தொட்டதே இல்லை.

"ஆடியில வந்தவரு இன்னும் வெளிய போவலியா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "அப்ப ஞாயித்துக்கெழமையும் என் பேரு வருமா?"

வரும். காப்பாளர் இடம் காலியாக இருப்பது ஓனர் கண்ணில் படும். பொறுப்புக்கு ஆள் இல்லாத பெண் வேண்டாம் என்று அவர் வெளியே அனுப்பிவிட்டால், அவளுக்குத் தங்க வேறு இடமில்லை. அதைச் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் இரண்டு காகிதம் எழுதினேன். உள்ளே இருப்போர் பட்டியலுக்குப் புதிய சொல்லோடு ஒன்று. ஓனருக்கு அனுப்பும் ஞாயிறு பட்டியலுக்குப் பழையபடியே ஒன்று. செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்காவது அவளுக்கு ஒன்று ஆனால், தேட ஒரு ஆளாவது வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எங்க போறேன்னு கேக்காதீங்க," என்றாள். "நானே சொல்லிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டருகே ஒரு ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.

பங்குனியில் நான் கிளம்பினேன். கீழ் அறைப் பெண் ஒருத்திக்கு இரண்டு காகிதத்தையும் கற்றுக்கொடுத்திருந்தேன், அதனால் ஓனர் இந்த முறை தடுக்கவில்லை. பையோடு கேட்டைத் தாண்டும்போது மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன்.

"அப்ப கார்டையாச்சும் தட்டிட்டுப் போங்க."

அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் கார்டைத் தேடி எடுத்து வந்து தட்டினேன்.