நானும் சர்க்கார் ஆள்தான்

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் மூன்று பேர். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவர் பார்ப்பது உத்தியோகம். அண்ணன் பாங்கில் இருந்தான். அவன் சர்வீஸில் இருந்தான். நான் போனது மட்டும் வேலைக்கு. அறுபதுகளின் தொடக்கத்தில் சுகாதார இலாகாவில் அம்மை குத்துகிறவளாகச் சேர்ந்தேன். தோளில் ஒரு பை. அதில் ஸ்பிரிட் விளக்கு, ஊசி, ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து. யாராவது விசாரித்தால் அப்பா, நான் கவர்மெண்டில் இருப்பதாகச் சொல்வார். எந்த செக்‌ஷன் என்ற கேள்வி வருவதற்குள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

என் நியமன உத்தரவில் நான் ஒரு பப்ளிக் சர்வண்ட் என்று அச்சடித்திருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் அதை அரசு ஊழியர் என்று போடுவார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பார்த்தது உண்மை.

தாராவியில் அது செல்லுபடியாகவில்லை. எனக்கு ஒதுக்கிய சந்துகளில் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு ஊழியம் என்றால் ஆண்டவருக்குச் செய்வது. அரசாங்கத்திலிருந்து யார் வந்தாலும் ஒரே பெயர்தான், சர்க்கார். குடிசையைப் பிரிக்க வருகிறவன் சர்க்கார். மதுவிலக்குக் காலம் அது. சாராயப் பானையை உடைக்க வருகிறவனும் சர்க்கார். பையைத் தூக்கிக்கொண்டு போகிற நானும் சர்க்கார்தான். நான் சந்துக்குள் திரும்பினால் போதும், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதற்கு வழி வைத்திருந்தார். சர்க்கார் சம்பந்தமில்லாத ஏதோ தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவார். பொய் சொல்லியாவது பிள்ளைகள் பிழைக்கட்டுமே என்பது அவர் கட்சி. அது தப்பென்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்யும் என் வாயில் வரவில்லை. ஒளித்து மறைத்துச் செய்ய நான் என்ன திருடியா? சர்க்கார் ஆள் வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் கதவைத் தட்டினேன். அவருடைய ரிஜிஸ்தர் நிறைந்துகொண்டே போனது. என்னுடையதில் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது.

அந்தக் கோடையில் பக்கத்துச் சந்தில் ஒரு குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. நான் போய்க்கொண்டிருந்த சந்தின் கடைசி வீட்டில், தோல் கிடங்கில் வேலை செய்கிறவரின் குடும்பம் இருந்தது. ஐந்து வயதுப் பெண் ஒன்று, நாலு மாதக் கைக்குழந்தை ஒன்று என்று அண்டை வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். தாய்க்காரி பெண்ணோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தை எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாள். உள்ளே அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இருவரும் காதில் விழாத மாதிரி நின்றோம்.

ஊசி எதற்கு என்று விளக்கினேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"போன வருசம் எங்க குடிசையப் பிரிச்சிட்டுப் போனாவ. போனவுகள்ல ஒருத்தராவது திரும்பி வந்து, புள்ளையள வச்சிக்கிட்டு எங்க படுத்தியன்னு கேட்டாவளா? நீங்க மட்டும் குத்திட்டு, வந்து பாப்பியளாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அவளிடம் அல்ல.

"ஏழாம் நாள் ஜுரம் வரும், கை வீங்கும். அன்னிக்கு நான் வருவேன். என் பேரும் நம்பரும் எழுதித் தரேன். வரலேன்னா ஆபீசுக்கே வந்து என்னைக் கேளுங்கோ."

காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு பெரியவளை மட்டும் முன்னால் தள்ளினாள். ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாய் நினைக்கிறாள் என்றால், அவளைப் பயம் எவ்வளவு பிடித்து ஆட்டியிருக்க வேண்டும். பெண்ணின் கையில் இரண்டு இடத்தில் குத்திவிட்டு வந்தேன். சின்னது நோய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாக்குக் கொடுத்தபோது நான் அதை யோசிக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கவர்மெண்ட் சர்வண்டுக்கு சண்டே லீவுடி. நீ போனா யாரும் மெடல் குத்தப் போறதில்லே."

மெடல் குத்துவது என் வேலையில்லை, அம்மை குத்துவதுதான் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது கடைசி வீட்டு வாசலில் கூட்டம். பெண்ணுக்கு ஜுரம் கொதித்தது. சர்க்கார் கையில் பிள்ளையைக் கொடுத்தாயே என்று புருஷன் தாய்க்காரியைத் திட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். பெண்ணின் கையைப் பார்த்தேன். கொப்புளம் சரியாகப் பழுத்திருந்தது. இப்படித்தான் வர வேண்டும், இனி அம்மை இவளை அண்டாது என்றேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. நானும் போகவில்லை. ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஜுரம் தணிந்து, பெண் சாயாவும் பாவ் ரொட்டியும் கேட்டாள்.

தாய்க்காரி உள்ளே போனாள். இல்லவே இல்லாத அந்தக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"இவனுக்கும் குத்துங்க."

என் பையோ ஆபீசில் பூட்டிக் கிடந்தது. நாளைக் காலையில் கண்டிப்பாக வருவதாகச் சொல்லி, எழுதிக் கொடுக்க ஒரு காகிதம் தேடினேன்.

"காயிதம் என்னத்துக்கு? நீங்க வருவிய."

மறுநாள் காலையில் சந்து முனையிலேயே பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், அதுவரை எனக்கு வெறும் கதவுகளாகவே தெரிந்திருந்த பெண்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு. யார் வந்திருக்கிறது என்று எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் கேட்டார்.

"நம்ம சர்க்காரு," என்றாள் அவள்.

விளக்கைப் பற்றவைக்கக் குனிந்தேன். மூன்றாவது தீக்குச்சியில்தான் பற்றியது. அன்றைக்குத் தலைக்கேறிய கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறக்கி வைக்கிற உத்தேசமும் இல்லை.