முதல் பக்கம் இல்லாமல் வாசித்த செய்தி

இன்று பள்ளிப் பிரேயரில் செய்தி வாசிக்கும் முறை என்னுடையது. கெலமங்கலத்தில் பஸ் ஏறும்போதே நாளிதழ் வாங்கிவிட்டேன். ஓசூர் போய்ச் சேர்வதற்குள் குறிப்பெடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

நம் ஊர் பஸ்ஸில் நாளிதழைப் பிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

“பாப்பா, மார்க்கெட் ரேட்டு போட்டிருக்கிற பக்கம் மட்டும் குடு” என்றார் தக்காளி வியாபாரி பாய் ஒருவர்.

“அந்த சினிமா பக்கத்த இப்படித் தள்ளு கண்ணு” என்றார் பக்கத்து சீட் அக்கா.

முதல் பக்கத்தை நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அண்ணன் வாங்கினார். இரண்டு வரி படித்திருப்பார். வெயிலுக்கு அதை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

“அண்ணா, பேப்பர்...” என்றேன்.

“எழுப்பாத பாப்பா. ராத்திரி முழுக்க மெஷின்கிட்ட நின்னுட்டு வர்றான். உனக்கு நியூஸ்தானே வேணும்? நாங்க சொல்றோம், எழுதிக்க” என்றார் பாய்.

பிரேயரில் என் செய்தியில் முதலமைச்சரும் இல்லை, பிரதமரும் இல்லை. தக்காளி விலை ஏறியதையும், ஒரு நடிகையின் கல்யாணம் நின்றுபோனதையும் கணீரென்று வாசித்தேன்.

தலைமையாசிரியை அறைக்கு வரச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, அந்தக் கல்யாணம் எதுக்கு நின்னுச்சாம்?”

“அதை அந்த அக்கா சொல்லலை மிஸ்.”

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மிஸ் காத்திருக்கிறார்.