விசா முடிந்ததற்கு ஒரு விருந்து

புதன், காலை. கள்ளக்குறிச்சியில் ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய கரியாலூர் பஸ் ஏழேகாலுக்குக் கிளம்பியது. ஆண்டு 1987, புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள். டிக்கெட் நாலு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கூரைமேல் உப்பு மூட்டைகளும் ஒரு தையல் மிஷினும் ஏறின. சில்லறை கொடுக்கும்போது கண்டக்டர் சொன்னார்: "மேல போறீங்க, சரி. நாளைக்கு எறங்க வண்டி இருக்குமான்னு தெரியாது சார். ஒரு வாரம் ரோடு மறியல்னு சொல்லிக்கினு கீறாங்க."

இட ஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்து ஊர்களில் மாதக்கணக்கில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மறியல் என்றால் ஒருநாள், அரைநாள் என்பதே என் அனுபவம். நான் கடலூர்க்காரன். அப்போது கள்ளக்குறிச்சியும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். கடலைப் பார்த்தே ஐம்பது வயதைத் தொட்டவனுக்குத் தன் மாவட்டத்தில் இப்படியொரு மலை இருப்பது கச்சிராயபாளையம் தாண்டியபின்தான் உறைத்தது. இடப்பக்கம் கோமுகி அணையின் நீர் தகடுபோலக் கிடந்தது. வண்டி திரும்பத் திரும்ப அது சிறுத்து, கடைசியில் யாரோ தவறவிட்ட கண்ணாடிச் சில்லாயிற்று. மேகம் எங்களுக்குக் கீழே போனது. அதைப் பார்க்க இருக்கையிலிருந்து எழுந்து குனிந்தேன். பக்கத்திலிருந்த பெண், "மொதோ தபா வரீங்களா? வாந்தி வந்தா ஜன்னல் பக்கம் குந்துங்க" என்றார்.

நான் பார்க்கப் போனது டென்மார்க்கிலிருந்து வந்து கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்கியிருந்த யென்ஸ் என்பவரை. மலைத்தேனீக்களை ஆராய்பவர், அறுபதை நெருங்குபவர். அவரைப் பற்றி எழுத வரலாமா என்று கடிதத்தில் கேட்டபோது வரச் சொல்லியிருந்தார். 'யென்ஸ்' என்ற பெயர் அந்த ஊர் வாயில் 'ஏணி' ஆகியிருந்தது. ஆளும் ஏணி உயரம்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே திருவிழாக் கோலத்தில் இருந்தது. இரண்டு ஆடு அடித்திருந்தார்கள். சாமைச் சோறு பெரிய பாத்திரங்களில் ஆவி விட்டது. ஒருவன் மத்தளம் அடித்துக்கொண்டிருந்தான். நடுவில் கழுத்து நிறையச் சாமந்தி மாலையோடு யென்ஸ், இழவு வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன விசேஷம்?" என்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரைக் கேட்டேன். அவர் பெயர் வெள்ளையன். தேன் எடுப்பவர், நாற்பது வயதுக்குள் இருக்கும்.

"ஏணிக்கு விசா முடியப் போவுதுங்க. சனிக்கெழமையோட முடியுதாம். அவரே சொன்னாரு. அதான் விருந்து."

யென்ஸ் என் காதோரம் குனிந்து, நிதானமான தமிழில் சொன்னார்: "மூன்று நாட்களாக இவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் போவதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியாது."

எனக்கும் புரியவில்லை. வெள்ளையனைத் தனியே அழைத்து, விசா என்றால் என்னவென்று நினைக்கிறார் எனக் கேட்டேன். என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா சார், படிச்சவரு கேக்குறீங்க? விசாரணைங்க. மாசாமாசம் கீழருந்து ஏட்டையா வந்து 'ஏணி விசாவைப் பாக்கணும்'னு கேப்பாரு. போலீஸு மலை ஏறுனா விசாரணைக்குத்தான ஏறும்? சாராயக் கேசுல எங்க சித்தப்பனுக்கு நாலு வருசம் விசா நடந்துச்சி. பாவம் ஏணி, இன்னா கேசோ, மரியாதைக்கு நாங்க கேக்கல. இப்ப முடிஞ்சிடுச்சி. நல்லதுதான?"

விசா என்பது இந்த நாட்டில் இருக்கக் கொடுக்கும் அனுமதி, அது முடிந்தால் ஏணி தன் நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னேன். வெள்ளையன் முகம் மெல்ல மாறியது. மத்தளம் அடித்தவனைப் பார்த்து, "டேய், நிறுத்துடா" என்றார். அவன் நிறுத்தவில்லை, பந்தி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

உண்மையில் யென்ஸ் அன்று காலை பஸ்ஸிலேயே கடலூருக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர். விசா முடிவதற்குள் மாவட்டக் காவல் அலுவலகத்தில் நேரில் போய் நீட்டிப்புக் கேட்டால் வழி உண்டு. விருந்துக்கு ஆடு அடித்தபின் விருந்தாளி எப்படிப் போவது?

பிற்பகல் என்னைத் தேன்பாறைக்கு அழைத்துப் போனார்கள். எழுதிப் பழகிய கைக்கும் அதை எழுதத் தெரியவில்லை. காடு சட்டென்று முடிகிறது. எதிரே ஒரே கல், செங்குத்தாக, அடி தெரியாத பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதன் முகமெங்கும் கறுப்புப் பிறைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கைவிரித்த அகலம். தேனடை தொங்கிய தடம் என்றார் யென்ஸ். மழைக்காலத்தில் ஈக்கள் எங்கோ போய்விடும், தை பிறந்தால் திரும்பும், அதே பிறைகளில் அதே இடத்தில் கட்டும். இரண்டு தை பார்த்துவிட்டார். மூன்றாவதையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வெளியே போய் மறுபடி அனுமதி வாங்கி வருவதற்குள் தை போய்விடும்.

"தேன் எடுக்கும்போது நான் இதுல எறங்குவேன்" என்று வெள்ளையன் பாறை விளிம்பைக் காட்டினார். கொடியால் பின்னிய ஏணி, மேலே மரத்தில் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்குக் காவல் நிற்பவன் மச்சானாக இருக்க வேண்டும், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். "அண்ணன் தம்பி நின்னா பங்குக்கு ஆசைப்பட்டு அறுத்துடுவான். மச்சான் அறுப்பானா? அவன் அக்கா தாலி இல்ல அது!" வெள்ளையன் மனைவியோ ஒரே மகள். அதனால் பல வருடம் அவர் பாறையில் இறங்கவே இல்லை. யென்ஸ் வந்தபின், அவருக்கு இங்கே பங்கும் இல்லை பகையும் இல்லை என்று ஊர் கூடிப் பேசி, அவரை மச்சானாக்கிக் கட்டுக்குக் காவல் நிறுத்தியது. கீழே பார்த்தேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இதைவிட நம்ப முடியுமா என்று தெரியவில்லை.

வியாழன். பஸ் வரவில்லை. யென்ஸ், துணைக்கு வெள்ளையன், நான் என மூவரும் குறுக்குவழியில் நடந்தே இறங்கத் தொடங்கினோம். வழியெல்லாம் யென்ஸ் தன் சிக்கலை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வெளிநாட்டான் இங்கே இருக்க வழிகள் சில உண்டு. சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு ஒரு விசா, அது ஆறு மாதத்துக்குமேல் தாங்காது. படிக்க வந்தவனுக்கு ஒன்று, அதற்கு ஒரு கல்லூரி வேண்டும். அப்படித்தான் அவர் இருந்தார், கல்லூரி கொடுத்த காலம் முடிந்துவிட்டது. வேலைக்கு வந்தவனுக்கு ஒன்று, சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். உறவுக்காரன் உள்ளவனுக்கு ஒன்று. "எனக்கு முதலாளி தேனீ" என்றார். வெள்ளையன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

சாயங்காலம் கச்சிராயபாளையத்தில் வாடகை சைக்கிள் கடையைப் பிடித்தோம். கடைக்காரர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "கடலூருக்கா? நூறு கிலோமீட்டரு இருக்குது. மணிக்கு எட்டணா. மரம் வெட்டிப் போட்டுக்கினு இருக்கான் ரோடு பூரா. சைக்கிள் திரும்பி வருமா, நீங்க வருவீங்களா?" என் கைக்கடிகாரத்தை அடமானமாகக் கழற்றிக் கொடுத்தேன். அதனால் இதற்குமேல் வரும் மணிகள் எல்லாம் வெயிலைப் பார்த்துச் சொன்னவை.

வெள்ளி. விடிந்ததும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி கடைவீதி முழுக்க மூடியிருந்தது. உளுந்தூர்பேட்டை சாலையில் திரும்பியதும் முதல் மரம். நூறு வயதுக்குக் குறையாத புளியமரம், சாலையை அடைத்துப் படுத்திருந்தது; நெடுஞ்சாலைக்காரர்கள் அடியில் எழுதிய எண் வானத்தைப் பார்த்தபடி. அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று. கண்ணுக்கு எட்டியவரை நிழல் தந்த சாலை, நிழலைத் தரையில் கிடத்தியிருந்தது. தியாகதுருகம் வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. இத்தனை ஊர்கள் ஒரே இரவில் ஒரே காரியத்தைச் செய்ய முடியும் என்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. தொலைவில் ஓரிடத்தில் புகை எழுந்தது. வைக்கோல் என்று நினைத்தேன். குடிசைகள் எரிந்ததையும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்ததையும் பிறகுதான் படித்தேன். வியந்ததைப்போலவே அதையும் எழுதிவைக்க வேண்டும்.

தியாகதுருகத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் முப்பது நாற்பது பேர் மறித்தார்கள். முன்னால் வந்தவர் தோளில் துண்டும் கையில் கூழ்ச் செம்புமாக இருந்தார். "நில்லு! யாரு இந்த வெள்ளக்காரன்? பேப்பர்ல எழுதுறவனா?"

இங்கே தங்க இவருக்கு அனுமதி நாளையோடு முடிகிறது, கடலூர் போய் நீட்டிக்க வேண்டும் என்றேன்.

"வெள்ளக்காரனுக்கு இன்னாய்யா அனுமதி? ஆள வந்தப்போ எங்க தாத்தனைக் கேட்டுக்கினா வந்தான்?" கூட்டம் சிரித்தது.

யென்ஸ் கைகூப்பினார். "நான் அந்த நாடு இல்லைங்க. எங்க நாடு சின்னது. நாங்க யாரையும் ஆளலை."

டென்மார்க்காரர்கள் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் கோட்டை கட்டி ஆண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. தேதிகளை விழுங்கிக்கொண்டேன்.

செம்புக்காரர் வெள்ளையன் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

"மலைங்க. கரியாலூரு பக்கம்."

"உனக்கு இன்னாப்பா, பட்டியல்ல கீற. உங்களுக்குத்தான் இடம் எழுதி வச்சிட்டானே."

"எழுதி வச்சது ஜாஸ்திதாங்க. அத்தைப் போயி வாங்க ரோடுதான் கம்மி. இப்ப கீழ இருந்த ரோட்டுலயும் நீங்க மரத்தப் போட்டுட்டீங்க."

நான் சைக்கிளை இரண்டடி பின்னுக்கு இழுத்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "வாய்க்கு வாய் குடுக்குறான் பாரு!" என்று உரக்கச் சிரித்தார். செம்புக்காரரும் சிரித்துவிட்டார். யென்ஸை மறுபடி மேலிருந்து கீழ் பார்த்தார்.

"அப்போ இவருக்கும் இடந்தான் பிரச்சினையா?"

"இடந்தாங்க" என்றார் யென்ஸ்.

"நாமளும் இடந்தான் கேக்குறோம். தூக்குங்கப்பா!"

எட்டுப் பத்துக் கைகள் சைக்கிள்களைத் தலைக்குமேல் தூக்கின. கிளை கிளையாகக் கைமாறி அவை மரத்தைக் கடந்தன. யென்ஸை நடக்க விடவில்லை; அவரையும் தூக்கிவிட்டார்கள். அவ்வளவு உயரமான மனிதர் புளியங்கிளைகளுக்கு மேலே மிதந்து போனதை அண்ணாந்து பார்த்தேன். கூழ் கொடுத்தார்கள். அடுத்த மரத்தில் சொல்ல ஓர் ஆளையும் கூட அனுப்பினார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது: "இடம் கேக்கப் போறவங்கோ, வுட்டுடு!"

சனி. உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் ஒரு களத்தில் படுத்தெழுந்து, பண்ருட்டி வழியாகக் கடலூர் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. காவல் அலுவலகம் வெறிச்சோடியிருந்தது, எல்லோரும் சாலையில். வெளிநாட்டார் பதிவைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் மட்டும், சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார்.

"எப்படி வந்தீங்க?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "படிப்புக் காலம் முடிஞ்சிடுச்சு. வேலை இல்லை. சுற்றுலாவும் இல்லை. உங்களை எந்த வகையில சேர்க்கிறது? இங்கே உறவு யாராவது உண்டா?"

"நான் மச்சானுங்க" என்றார் வெள்ளையன்.

அதிகாரி நிமிர்ந்தார். "அப்படியா! இவர் உன் தங்கச்சியைக் கட்டியிருக்காரா? கல்யாணப் பதிவு எங்கே?"

ஒரு 'ஆமாம்' போதும். சிக்கல் தீர்ந்துவிடும். யென்ஸ் வாய் திறக்கப் போனார். அதற்குள் வெள்ளையன் தலையாட்டினார்.

"இல்லீங்க. கட்டுக்காவல் மச்சான்." பாறையை, கொடி ஏணியை, அறுக்காத கையை ஒவ்வொன்றாகச் சொன்னார். "இவரு போயிட்டா நான் எறங்க மாட்டேன். வேற யாரு கையிலயும் எம் பொண்டாட்டி தாலியக் குடுக்க முடியாதுங்க."

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். "எவ்வளவு பள்ளம்?"

"அடி தெரியாதுங்க."

"அப்படி ஒரு விசா சட்டத்துல இல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, தேனீ ஆய்வு இன்னும் ஒரு பருவம் நடக்க வேண்டும் என்று சென்னைக்குப் பரிந்துரை எழுதினார். பதில் வரும்வரை இங்கேயே இருக்கலாம் என்று முத்திரை குத்தினார். கொடுக்கும்போது வெள்ளையனிடம், "நீ ஆமாம்னு சொல்லியிருந்தா பதிவு இல்லாம ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்" என்றார்.

தை மாதம் மறுபடி மலை ஏறினேன். சாலையோரம் அறுத்த அடிமரங்கள் மட்டும் வரிசையாக நின்றன. வெயில் நேராக பஸ்ஸுக்குள் விழுந்தது. பாறையில் பிறைகள் நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றும் உயிரோடு, கறுத்துப் பளபளத்து, காற்றடித்தால் ஒரே சமயத்தில் சிலிர்த்தது. பள்ளம் முழுவதும் ஒரே ரீங்காரம். யென்ஸ் அழுதுகொண்டிருந்தார், நானும் என் கண்ணீரை மறைக்கவில்லை. எங்கள் ஊர்க் கடலோரத்திலேயே நின்றும் இப்படி ஓர் இரைச்சலை ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியபோது பெண்கள் சிலர் யென்ஸைச் சூழ்ந்துகொண்டு வருத்தமாகப் பேசுவதைக் கண்டு வெள்ளையனைக் கேட்டேன்.

"முந்தாநேத்து சென்னையிலருந்து பதில் வந்துச்சிங்க. விசாவ நீட்டிச்சிட்டாங்கன்னு ஏணி எல்லார் கிட்டயும் சொல்லிட்டாரு."

"நல்ல செய்திதானே! இவர்களுக்கு நீங்கள் இன்னும் விளக்கவில்லையா?"

"நாலு தபா சொல்லிட்டேன். யாரு நம்புறா? இருக்குறவன இருன்னு சொல்ல ஒரு கடுதாசி எதுக்குன்னு கேக்குறாங்க."

ஒரு கிழவர் யென்ஸின் தோளில் கைவைத்து, "கவலப்படாத ஏணி" என்று தேற்றிக்கொண்டிருந்தார். "எத்தினி வருசம் இழுத்தாலும் நாங்க சாட்சி சொல்ல வரோம்."