மடங்காத குடை

மழையில் குடை பிடிப்பதற்கு ஒருவருக்கு யாருடைய அனுமதி வேண்டும்? தோட்டப் பள்ளி ஆசிரியனும் பட்டதாரியுமான என்னிடம் இக்கேள்வியை எழுப்பியவர், கொட்டகலைக்கு அருகிலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி.

குள்ளமான, பருத்த உருவம். நடக்கும்போதெல்லாம் கடவுளோடு உரக்கப் பேசுவார்: “ஆண்டவரே, வழுக்குது, புடிச்சுக்குங்க!”

ஒரு ஞாயிறன்று, ஞானஸ்நானத்துக்காக ஒரு கைக்குழந்தையை ஏந்தியபடி மழையில் என்னோடு கோயிலுக்கு நடந்தார். எதிரே தோட்ட நிர்வாகியான துரையின் மோட்டார் சைக்கிள் வந்தது. துரை கடக்கும்போது குடையை மடக்கி ஒதுங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். வேலையை எண்ணி நான் மடக்கினேன், அவர் மடக்கவில்லை.

“குடைய மடக்கு! பத்துச்சீட்டு குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவேன்!” என்று வழியில் நின்ற மேற்பார்வையாளர் கண்டாக்கையா கத்தினார்.

“புள்ள நனையுமுங்க! என்னைய ஆண்டவரு பாத்துக்குவாரு!”

துரை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சக்கரம் வாரியடித்த சேற்றை மருத்துவச்சியின் குடை தடுத்தது. என்னைக் காக்க எதுவுமில்லை; சேற்றில் குளித்தேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

“பயமா இல்லையா?” என்றேன்.

“காலு வெடவெடன்னுச்சு மாஸ்டர்! நீங்களே நிக்க வைங்கன்னு ஆண்டவருகிட்ட சொல்லிட்டேன். நீங்க மடக்கி என்னத்தக் கண்டீங்க?”

வேலைநீக்கப் பத்துச்சீட்டு வரவில்லை. வந்திருந்தாலும் அவர் அப்படித்தான் சிரித்திருப்பாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரைகள் ஒழுகுவதைப் பற்றித் துரைக்கு அதுவரை இரண்டு மொட்டைக் கடிதங்கள் எழுதியிருந்தேன். மூன்றாவது கடிதத்தில் என் பெயரைப் போட்டேன்.